நாலு விரல் தூரம்

சவிரிமுத்து இதுவரை பதினொரு கலியாணத்துக்கு விசாரிப்புப் போயிருக்கிறார். பதினொன்றும் நடந்தேறின. இதை அவர் தானாகச் சொல்லமாட்டார்; யாராவது கேட்கும்வரை பேச்சை அந்தப் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருப்பார். தபால் பிரிக்கிற இடத்தில் இருபத்தாறு வருஷம் ஷிப்ட் செய்து ஓய்ந்த மனிதருக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது? லண்டனில் தமிழ்ப் பூசை நடக்கிற எந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனாலும், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து ஒரு தாய் அவரை ஓரமாகக் கூப்பிடுவாள். யாருடைய பிள்ளை, என்ன வேலை, குடி இருக்கிறதா, முன்னால் ஏதும் நடந்ததா? அவர் போய்க் கேட்டு வந்து சொல்லுவார்.

பன்னிரண்டாவது அவருடைய சொந்தத் தங்கை வீட்டுக் காரியம். அங்கேதான் வில்லங்கம் பிடித்தது.

தங்கை பெனிற்றா இல்ஃபோர்ட்டில், அவர் இருக்கும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கணவர் இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகன் ஜெஸ்ரின், முப்பத்துமூன்று வயது, வங்கியொன்றில் கொம்பியூட்டர் வேலை. அவனுக்கு ஸ்ட்ரெதமில் ஒரு பெண் பொருந்தி வந்திருந்தாள். ஷெறோன் என்று பெயர், மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். பங்குத் திருநாளில் இருவரும் கண்டு, கதைத்து, மூன்று தரம் கோப்பி குடித்து, பிடித்தும் போயிற்று. பெரியவர்கள் பேசவேண்டியதுதான் மிச்சம்.

“அண்ணை, பெட்டையின்ரை தேப்பனைப் பற்றித்தான் வடிவா விசாரிக்கவேணும்,” என்றாள் பெனிற்றா. “செபமாலைமுத்து எண்டு பேர். மன்னார், பேசாலை ஆள். ஹொலண்டிலை இருந்து வந்தவை. அங்கை அவர் பெரிய விளையாட்டு வீரராம். இப்ப வீடு வீடாத் தரைப்பலகை போடுறார். அவ்வளவு பெரிய வீரர் எண்டால் ஏன் முழங்காலிலை நிண்டு பலகை தட்டுறார்? அதுக்குள்ளை ஏதோ இருக்கு.”

“கேட்டுப் பாப்பம்.”

“இன்னொண்டு.” வீட்டில் வேறு ஒருவரும் இல்லை, ஆனாலும் பெனிற்றா குரலைத் தாழ்த்தினாள். “அவை எங்கடை பெடியனைப் பற்றிக் கேட்டால்?”

இந்தக் கேள்விக்குத்தான் சவிரிமுத்து பயந்துகொண்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன் ஜெஸ்ரினுக்குப் பேர்மிங்காமில் ஒரு பெண்ணோடு எழுத்து நடந்தது. நம் ஆட்களின் வழக்கம் தெரிந்ததுதானே: முதலில் கவுன்சிலில் எழுத்து, அதாவது பதிவுக் கலியாணம், பிறகு மண்டபம் கிடைக்கிற நேரம் பார்த்துக் கோயிலில் தாலி. மண்டபம் கிடைக்கப் பத்து மாதம் ஆகும் என்றார்கள். பொறுக்காமல் பிள்ளைகள் ஒரு பிளாட் எடுத்து ஒன்றாக இருந்தார்கள். ஐந்தே மாதம். பெண்ணின் மனம் வேறு இடத்தில் இருந்தது. வீட்டார் அமுக்கி வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகு வழக்கறிஞர், விவாகரத்து, கோயிலுக்குப் போகாமலே முடிந்துபோன ஒரு கலியாணம்.

“கேட்டால், கோயில்லை கட்டேல்லை எண்டு சொல்லு. திருச்சபைக் கணக்கிலை அவன் இன்னும் கட்டாத பெடியன்தான். பங்குச் சுவாமியே சொன்னவர். அது பொய்யில்லைத்தானே அண்ணை?”

“ஜெஸ்ரின் என்ன சொல்லுறான்?”

“தான் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லப்போறானாம். வாயைப் பொத்திக்கொண்டு இரடா எண்டு சொல்லிப்போட்டன். நிச்சயம் முடியட்டும். ரெண்டு குடும்பமும் பழகினாப்போலை மெல்லச் சொல்லலாம். இதுவும் முறிஞ்சுதோ, அவன் பிறகு கட்டவே மாட்டான், அண்ணை. எனக்குத் தெரியும்.” அவள் கண் கலங்கிவிட்டது.

சவிரிமுத்து தலையாட்டினார். அவருக்கு இதெல்லாம் புதிதில்லை. பதினொரு விசாரிப்பில் எத்தனையோ தரம் அவர் உண்மைக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை குடிப்பாரோ என்று கேட்டால், “விசேஷங்களிலை” என்பார். அந்த மாப்பிள்ளைக்குக் கிழமையில் ஐந்து விசேஷம் வரும் என்று சொல்லமாட்டார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும்.

புதன்கிழமை ரெயில் மாறி மாறி வெம்பிளிக்குப் போனார். அங்கே பாலேந்திரா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பதினெட்டு வருஷம் ஹொலண்டில் இருந்துவிட்டுக் கடையும் குடும்பமுமாக லண்டனுக்குப் பெயர்ந்த ஆள்.

“செபாவோ!” பெயரைக் கேட்டதுமே பாலேந்திரா எழும்பிவிட்டார். “செபமாலைமுத்து எண்டு ஆர் சொன்னது? அங்கை அவன் செபாதான். ஊர் முழுக்க செபா, செபா.”

“பெரிய பற்ஸ்மனோ, போலரோ?”

பாலேந்திரா அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஐயோ அண்ணை. கிரிக்கெட் இல்லை. பேஸ்போல்.”

சவிரிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கண்டதும், பாலேந்திரா நாலு பானை மூடிகளை எடுத்துக் கடைத் தரையில் சதுரமாகப் பரப்பினார். பொருள் வாங்க வந்த ஒரு குஜராத்தி அம்மா அவற்றை மெல்லக் கடந்து போனார்.

“இதுதான் பேஸ். அடிக்கிறவன் பந்தை அடிச்சுப்போட்டு மூடிக்கு மூடி ஓடவேணும். நாலும் சுத்தி வந்தால் ஒரு ஓட்டம். ரெண்டாம் மூடிக்கும் மூண்டாம் மூடிக்கும் இடையிலை நிக்கிறவனுக்குத்தான் வேலை கூட. ஷோர்ட்ஸ்டொப் எண்டு சொல்லுறது. அடிக்கிற பந்திலை பாதி அவனிட்டைத்தான் வரும், நிலத்திலை குத்தி, எந்தப் பக்கம் எழும்பும் எண்டு தெரியாமல். அதைப் பிடிச்சு, ஆளைப் பாக்காமல் எறியவேணும். செபா அங்கைதான் நிண்டவன்.”

எண்பத்தைந்தில், பதினேழு வயதில், செபா அகதியாகப் போய் இறங்கினான். அவர்களை வைத்திருந்த விடுதிக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். ஒரு நாள் வேலிக்கு மேலால் ஒரு பந்து வந்தது. ஊரில் தடியும் பந்துமாக, கையுறையில்லாமல் எல்லே விளையாடி வளர்ந்த பெடியன். வெறுங்கையால் பிடித்து, வந்த வேகத்திலேயே திருப்பி எறிந்தான். அது நேரே பயிற்சியாளரின் நெஞ்சுக்குப் போனது. அடுத்த நாள் அந்த ஆள் ஒரு சோடிச் சப்பாத்தும் ஒரு கையுறையுமாக விடுதி வாசலில் நின்றார்.

“பன்ரண்டு வருஷம், அண்ணை. மூண்டு கோப்பை. நாட்டு அணியிலை நாலு வருஷம். கேக் செய்தால் கிழவியள் முதல் துண்டை அவனுக்குத்தான் குடுப்பினம். நான் ஒருக்கா பஸ்ஸிலை ரிக்கற் இல்லாமல் பிடிபட்டு, செபா என்ரை நாட்டுக்காரன் எண்டு சொல்லித் தப்பினனான், தெரியுமோ?”

“அப்ப ஏன் விட்டிட்டு வந்தவர்?”

பாலேந்திராவின் முகம் மாறியது. முப்பது வருஷத்துக் கோபம் ஒன்று அப்படியே மேலே வந்தது. “தொண்ணூத்தஞ்சாம் ஆண்டு இறுதி ஆட்டம். நானும் அங்கை நிண்டனான்.” இரண்டாம் மூடியைக் காலால் தட்டினார். “ஒரு ஓட்டம் முன்னுக்கு நிக்கிறம். அவையிலை ஒருத்தன் முதலாம் பேஸிலை, ஒருத்தன் மூண்டாம் பேஸிலை. இன்னும் ரெண்டு பேரை விழுத்தினால் கோப்பை. பந்து பக்கத்திலை நிண்டவனிட்டைப் போகுது. அவன் செபாவுக்கு எறியிறான். இவன் பந்தோடை இந்தப் பேஸை மிதிச்சால் ஒராள் அவுட். உடனை முதலாம் பேஸுக்கு எறிஞ்சால் மற்றாளும் சரி. மிதிச்சான், எறிஞ்சான். நடுவர் கையைத் தூக்கியிட்டார். ரெண்டு பேரும் அவுட். சனம் மைதானத்துக்குள்ளை பாயுது.”

“பிறகு?”

“அந்தப் பேஸிலை வடிவாக் கால் வைச்சு நிண்டால் ஓடி வாறவன் ஆணிச் சப்பாத்தோடை சறுக்கிக் காலை முறிச்சுப்போடுவான். அதாலை எல்லாரும் பக்கத்திலை மிதிச்சிட்டுப் போறதுதான். அது வழமை, அண்ணை. உலகம் முழுக்க அப்பிடித்தான். நடுவரும் கண்டும் காணாமல் விடுவார். அண்டைக்கு மற்றப் பக்கம் கத்தினவுடனை, நடுவர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டவர், ‘செபா, தொட்டனியோ?’ எண்டு. ஓம் எண்டு ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லு! இந்த விசரன் சொல்லுறான், ‘இல்லை, நாலு விரல் தூரம்’ எண்டு.”

அவ்வளவுதான். தீர்ப்பு மாறியது. மூன்றாம் பேஸில் நின்றவன் ஓடி வந்தது கணக்கில் சேர்ந்து, ஓட்டம் சமனாயிற்று. அடுத்தவன் அடித்த பந்து செபாவின் தலைக்கு மேலாலேயே போய் விழ, கோப்பை கைவிட்டுப் போயிற்று. அன்று இரவு அவன் காருக்கு முட்டை அடித்தார்கள். கேக் கொடுத்த கிழவிகள் யன்னலை மூடினார்கள். இன்னும் மூன்று வருஷம் அதே இடத்தில் நின்று, அதே சனத்தின் கூக்குரலைக் கேட்டுக்கொண்டு விளையாடிவிட்டு நிறுத்தினான். இப்போது அந்த மைதான வேலியில் அவனுடைய சட்டையின் ஆறாம் இலக்கத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்களாம். ஆனால் அதற்குப் பதினைந்து வருஷம் எடுத்தது.

ரெயிலில் திரும்பி வரும்போது சவிரிமுத்து யோசித்தார். குடி இல்லை, கூத்து இல்லை. ஆனால் இது என்ன மாதிரியான ஆள்? ஊரே சேர்ந்து சாப்பிடக் காத்திருந்த சோற்றில் மண்ணைப் போட்டவர். சம்பந்தியாக வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? கெட்டிக்காரர் என்று ஒரு பக்கமும் மடையர் என்று மறுபக்கமும் மனதுக்குள் எழுதிப் பார்த்தார். இரண்டும் அழியாமல் நின்றன.

சனிக்கிழமை ஸ்ட்ரெதமுக்குப் போனார். செபமாலைமுத்து வீட்டில் இல்லை. “கோயில் மண்டபத்திலை நிக்கிறார், அண்ணை. தரை உக்கிப்போச்சு எண்டு சுவாமி சொன்னவர், சும்மா போட்டுக் குடுக்கிறார்,” என்று மனைவி அருள்நாயகி வழி காட்டினார்.

மண்டபத்தில் கதிரைகளெல்லாம் சுவரோடு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மெலிந்த மனிதர், முழங்கால்களில் றப்பர் மெத்தை கட்டிக்கொண்டு, பலகையோடு பலகையைக் கோத்து றப்பர்ச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதை நெருங்கியவர். தலை பாதி நரைத்திருந்தது. சவிரிமுத்து பெயரைச் சொன்னதும் சிரித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

“எழும்பாதேங்கோ, எழும்பாதேங்கோ,” என்று கிட்டப் போன சவிரிமுத்துவின் மேலங்கி அங்கிருந்த மேசையில் தட்டுப்பட்டு, விளிம்பில் இருந்த இரும்பு அளவுகோல் சரிந்தது. செபமாலைமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. இடது கை மட்டும் போய், அது நிலத்தில் விழுமுன் ஏந்தி, பக்கத்தில் வைத்தது. பேச்சு நிற்கவேயில்லை.

“ஜெஸ்ரின்ரை மாமா எல்லோ. ஷெறோன் சொன்னவள். இருங்கோ. இந்த வரி முடிச்சிட்டு வாறன்.”

சவிரிமுத்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊர் பேசினார்கள், சுவாமி பேசினார்கள், முழங்கால் நோவு பேசினார்கள். சவிரிமுத்துவுக்கு எப்படியும் அதைக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு கேட்டார். “ஹொலண்டிலை அந்தக் கடைசி ஆட்டம். பாலேந்திரா சொன்னவர்.”

“அவனுக்கு இன்னும் கோவம் போகேல்லையோ?” செபமாலைமுத்து சிரித்தார்.

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? வழமைதானாமே.”

“வழமைதான். நானும் அதுக்கு முதல் எத்தினையோ தரம் பக்கத்திலை மிதிச்சிட்டுப் போனனான். ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. அதுக்கு நான் கவலைப்படேல்லை.” சுத்தியலைக் கீழே வைத்தார். “அண்டைக்கு அந்தாள் என்ரை முகத்தைப் பாத்துக் கேட்டுப்போட்டார், அண்ணை. கேட்டால் பிறகு என்ன செய்யிறது?”

“இப்ப யோசிச்சால் கவலையில்லையோ?”

“இல்லாமல்? கோப்பை எண்டால் சும்மாவோ. என்னோடை நிண்ட எட்டுப் பேரின்ரை கோப்பையுமெல்லோ அது. ரெண்டு பேர் சாகுமட்டும் என்னோடை கதைக்கேல்லை. ஒவ்வொரு நாளும் கவலைதான்.” சுத்தியலைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னார், “அந்தக் கேள்வியை இண்டைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன். அதுவும் ஒரு கவலை.”

இனி எழும்பிப் போய்விடலாம் என்று சவிரிமுத்துவுக்குத் தோன்றியது; தங்கையிடம் நல்ல மனிதர் என்று சொல்லலாம், விசாரிப்பு முடிந்தது என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்து செபமாலைமுத்து முழங்காலில் நின்றபடியே அவர் பக்கம் திரும்பினார்.

“நானும் ஒண்டு கேக்கவேணும். எனக்குப் போய் விசாரிக்க ஆக்கள் இல்லை, அண்ணை. உங்களிட்டையே கேக்கிறன். ஜெஸ்ரினுக்கு முந்தி ஏதும் இருந்ததோ?”

வந்துவிட்டது. சவிரிமுத்துவின் வாயில் பதில் தயாராக இருந்தது. பெனிற்றா பாடமாக்கி அனுப்பிய பதில். திருச்சபையே ஒப்புக்கொள்கிற பதில். “கோயில்லை...” என்று தொடங்கினார்.

செபமாலைமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகமோ அதட்டலோ அந்தப் பார்வையில் இல்லை. சொன்னால் நம்பிவிடுகிற முகம். அதுதான் பெரிய கரைச்சல். சந்தேகப்படுகிறவனிடம் உண்மைக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்லலாம், அவனும் அதைக் கழித்துத்தான் எடுப்பான். இந்த மனிதர் கழிக்கமாட்டார். அப்படியே கொண்டுபோய் மகளிடம் கொடுத்துவிடுவார். பெனிற்றாவின் கலங்கிய கண் முன்னே வந்தது. பதினொரு கலியாணமும் முன்னே வந்தன. அவற்றில் யார் யாரிடம் என்னென்ன சொன்னேன் என்று அந்த நேரத்தில் ஏன்தான் ஞாபகம் வந்ததோ, வெட்கமாய் இருந்தது.

“கோயில்லை கட்டேல்லை,” என்றார். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, “ஆனால் எழுத்து நடந்தது. ஒண்டா இருந்தவை. இப்ப விவாகரத்து முடிஞ்சுது.”

மண்டபத்துக்கு வெளியே பஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது.

“எவ்வளவு காலம்?”

“அஞ்சு மாசம்.”

“பிள்ளை?”

“இல்லை.”

“பெடியன் கை நீட்டினவனோ?”

“சத்தியமா இல்லை. அந்தப் பிள்ளைக்கு வேறை விருப்பம் இருந்தது. இவன் அழுதுபோட்டு விட்டிட்டான். இதை நாங்கள் நிச்சயம் முடிஞ்சாப் பிறகு சொல்லுறதாத்தான் இருந்தனாங்கள்.” அதையும் சொல்லவேண்டிய தேவையில்லை. தொடங்கிவிட்டால் நிற்குதில்லையே.

செபமாலைமுத்து அடுத்த பலகையை எடுத்து, நுனியைக் கோத்து, மெல்லத் தட்டினார். பிறகு, “சொன்னதுக்கு நன்றி, அண்ணை. வீட்டிலை கதைச்சிட்டுச் சொல்லுறன்,” என்றார். அதற்கு மேல் அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. சவிரிமுத்து வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸைத் தவறவிட்டார்.

பெனிற்றா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலையோ நீ பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்?” என்று கேட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள். அதன்பின் பூசையில் அவள் வேறு வாங்கில் போய் இருந்தாள். தேத்தண்ணி நேரத்தில் தாய்மார் அவரை ஓரமாகக் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. விசாரிக்கப் போய் வீட்டுக் கதையை விளம்பிவிட்டு வந்தவர் என்று செய்தி அவருக்கு முன்னமே ஓடியிருந்தது. சரிதானே, யார் கூப்பிடுவார்கள்? இரவில் தூக்கம் வராவிட்டால், தொண்ணூற்றைந்தில் கார்க் கண்ணாடியிலிருந்து முட்டையைக் கழுவியிருக்கக்கூடிய ஒரு மனிதரை நினைத்துக்கொள்வார். அது பெரிய ஆறுதலாக இல்லை.

மூன்றாம் வாரம் ஜெஸ்ரின் போன் பண்ணினான். ஷெறோனின் தகப்பன் அவனைத் தனியே வரச்சொல்லியிருந்தார். “மாமா, எல்லாத்தையும் என்ரை வாயாலை சொல்லட்டாம். சொல்லிட்டன். ஷெறோன் எழும்பி அறைக்குள்ளை போயிட்டா. ஒரு மணித்தியாலமா வரேல்லை. அங்கிள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வானிலை இருந்து பலகை இறக்க வைச்சவர்.”

“பிறகு?”

“பிறகு அவ வந்தா. என்னோடை சரியான கோவம். மூண்டு தரம் கோப்பி குடிச்சும் ஏன் சொல்லேல்லை எண்டு. நாலாந்தரம் குடிக்கிறதோ எண்டு யோசிச்சுச் சொல்லுறாவாம்.” அவன் குரலில் பல மாதமாக இல்லாத ஒன்று இருந்தது. பாரம் இறங்கிய பிள்ளையின் குரல். சவிரிமுத்து போனை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். சந்தோஷம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலாவது கோப்பியும் நடந்தது, அதற்குப் பிறகும் நடந்தது. அது எதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு, கதவு மணி அடித்தது. திறந்தால் பெனிற்றா. மேலங்கியைக் கழற்றாமல், உள்ளேயும் வராமல், வாசலிலேயே நின்றாள்.

“தை மாதம் கலியாணம். ஸ்ட்ரெதம் கோயில்லை.”

“நல்லது.”

“ஷெறோன்ரை தேப்பனிட்டை நகை ஏதும் வேணுமோ, மண்டபம் பெரிசா வேணுமோ எண்டு கேட்டன். ஒண்டும் வேண்டாமாம்.” கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள். “ஒண்டே ஒண்டுதானாம். பெட்டை பக்கத்துச் சாட்சிக் கையெழுத்தை நீ வைக்கவேணுமாம்.”

“பெட்டை பக்கமோ? நான் மாப்பிள்ளை பக்கமெல்லோ?”

“நானும் அதைத்தான் கேட்டன். இல்லை, அந்த மனிசன் எங்கடை ஆள் எண்டு சொல்லிப்போட்டார்.”

சவிரிமுத்து கதவுப் பிடியை விடாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் மேலங்கியின் பொத்தானைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கோட் சூட் இருக்கோ, அதுவும் நான்தான் வாங்கவேணுமோ? தேத்தண்ணியைப் போடு,” என்றாள்.